வாதம் சீறும் நாள்கள்

நோய்களுள் சில வந்த வழியே போய்விடுவன. தடிமன் காய்ச்சல் ஒரு வாரம் இருக்கும். செங்கண்மாரி சில வாரங்கள் இருக்கும். பின்னர் அவை வந்திருந்தன என்ற நினைவும் மறைந்துவிடும். வேறு சில நோய்களோ வீட்டிலேயே குடியிருப்பவை. அவையும் எந்நாளும் ஒரே அளவில் வருத்துவதில்லை. மாதக்கணக்கில் அடங்கியிருக்கும், ஒருநாள் காலையில் எழுந்து சீறும், சில நாளோ சில வாரமோ ஆட்டிவைத்துவிட்டு மீண்டும் அடங்கும். முடக்குவாதம் இவ்வகையைச் சேர்ந்தது. களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலிருந்து, கொட்டாஞ்சேனையைத் தாண்டி, தெற்கே வெள்ளவத்தை வரை நெருங்கி வாழும் குடும்பங்களுள் இந்நோயை அறிந்தவை பல. அறியாமலே அதனோடு வாழ்பவையும் உள.

வாதம் என்னும் சொல்லை ஊர்வழக்கு மிகத் தாராளமாக வழங்குகின்றது. உடலின் ஒரு பக்கம் செயலற்றுப் போனால் பாரிசவாதம். குழந்தையின் காலைச் சூம்பச் செய்தது இளம்பிள்ளைவாதம். முதுமையில் முழங்கால் தேய்ந்து நோவதும் வாதமே. மழைக்காலத்து உளைவும் வாதமே. இவை யாவும் வெவ்வேறு நோய்கள். காரணமும் வேறு, மருந்தும் வேறு. மேல்நாட்டிலும் இக்குழப்பம் நெடுங்காலம் இருந்தது. 1859ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் அல்பிரட் கரொட் என்பவரே இந்நோயைத் தனியாகப் பிரித்து, இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சூட்டினார். அயல்வீட்டுப் பாட்டியார் தமது முழங்கால் தேய்வுக்கு உண்ணும் குளிசையை, முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தியின் வீங்கிய விரல்களுக்கும் சிபாரிசு செய்வது நம் வீடுகளில் இன்றும் நடைபெறுவதே.

முடக்குவாதத்தின் வேர் மூட்டில் இல்லை. உடலைக் காக்கும் படையில் இருக்கின்றது. கிருமிகள் புகுந்தால் அவற்றை எதிர்த்துப் போராடுவதற்கென உடலில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. சிலருடைய உடலில் இக்காவல் தடுமாறி, தன் வீட்டையே பகைவர் வீடெனத் தாக்கத் தொடங்கும். இத்தகைய நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். மூட்டுகளின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வே இங்கே தாக்குதலுக்கு இலக்காகின்றது. சவ்வு தடித்து வீங்குகின்றது, நீர் சுரக்கின்றது, கவனியாது விட்டால் அருகிலுள்ள குருத்தெலும்பையும் என்பையும் அரிக்கின்றது. விரல்கள் கோணுவதும் மணிக்கட்டு மடங்காமற் போவதும் இதனாலேயே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 1 கோடியே 80 இலட்சம் மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேர் பெண்கள்.

பெண்கள் என்றவுடன் அடுக்களை நினைவுக்கு வருகின்றது. இந்நோயின் துன்பம் முதலில் தெரியவருவதும் அங்கேதான். விடியற்காலையில் எழும் குடும்பத்தலைவிக்குக் கைவிரல்கள் மடங்க மறுக்கின்றன. தேநீர்க் கோப்பையின் காதைப் பற்ற முடியவில்லை. குழாயைத் திருக முடியவில்லை. இடியப்ப உரலை அழுத்துவதோ, திருவலையில் இருந்து தேங்காய் துருவுவதோ எண்ணிப்பார்க்கவும் இயலாத செயல்கள். ஒரு மணிநேரம், சிலருக்கு இரண்டு மூன்று மணிநேரம், இவ்விறுக்கம் நீடிக்கும். பத்து மணியளவில் விரல்கள் மெல்ல இளகும். மாலையில் அவரே எழுந்து நடந்து கடைக்கும் போய்வருவார். இரவில் குழந்தைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுப்பார்.

இதைக் காணும் வீட்டார் என்ன நினைப்பர்? "நேற்றுக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வந்தவளுக்கு இன்றைக்கு விடிய என்ன வந்தது?" என்று மாமியார் கேட்பது இயல்பு. கணவர் வாய்திறந்து கேளாவிடினும், காலையில் வேலை செய்ய இயலாத உடல் மாலையில் மட்டும் எவ்வாறு இயங்குகின்றது என்ற ஐயம் அவர் மனத்திலும் எழும். நோயாளியின் வலியைக் காட்டிலும் இந்த ஐயம் அவரைப் பெரிதும் வாட்டும். பலர் அதற்கு அஞ்சியே வலியை மறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உரலை அழுத்துகின்றனர். அடுத்த நாள் அதன் பயனை அனுபவிக்கின்றனர்.

காலை நேரத்து இறுக்கத்துக்குச் சோம்பல் காரணமன்று. உடலின் நாழிகைக் கணக்கே காரணம். அழற்சியை அடக்கும் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு இரவில் குறைந்து, விடியற்காலையில்தான் மீண்டும் உயர்கின்றது. அழற்சியை மூட்டும் பொருள்களோ பின்னிரவிலும் அதிகாலையிலும் இரத்தத்தில் மிகுகின்றன. இரவு முழுவதும் அசையாதிருந்த மூட்டில் நீரும் தேங்குகின்றது. ஆகவே இந்நோயாளிக்குக் காலை கடுமையாகவும் மாலை இலகுவாகவும் இருப்பது நோயின் இலக்கணமேயன்றி நடிப்பன்று. வைத்தியர்கள் நோயை அறிவதற்குக் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்றே, "காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம் இருக்கின்றது?" என்பது. வீட்டில் அதையே குற்றமாகக் காண்பது எத்துணைப் பொருத்தமற்றது!

இனி, நோய் சீறுங் காலத்துக்கு வருவோம். சீற்றம் பெரும்பாலும் தூண்டுதல் ஒன்றைப் பற்றியே வரும். தொற்றுநோய் ஒன்று வந்து போதல், பல நாள் உறக்கம் கெடுதல், வீட்டில் மரணமோ மணவினையோ நிகழ்ந்து உடலும் உள்ளமும் ஒருங்கே களைத்தல், மருந்தைச் சில வாரம் நிறுத்திவிடுதல் என்பன அடிக்கடி காணப்படுபவை. மகப்பேற்றின் பின்னான மாதங்களும் அத்தகையனவே. கருவுற்ற காலத்தில் பல பெண்களுக்கு நோய் தணிகின்றது. பிள்ளை பிறந்து சில வாரங்களில் மீண்டும் எழுகின்றது. "பிள்ளை பிறந்தபின் வந்த வாயு" என்று அதை ஒதுக்கிவிட்டு, பத்தியக் கறியும் சரக்குத்தண்ணீரும் கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவற்றால் தீங்கில்லை, காத்திருப்பதால் தீங்குண்டு. சில வேளைகளில் எக்காரணமும் புலப்படாமலும் சீற்றம் வரும். அப்போது காரணந் தேடி நோயாளியைக் குடைவது வீண்.

சீற்றம் வந்த நாளில் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்குக் குளிர்ச்சி இதந்தரும். ஐஸ்கட்டிகளைத் துவாயிற் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தெடுக்கலாம், வெறுந்தோலில் வைத்தலாகாது. சூடின்றி இறுகி மட்டும் கிடக்கும் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் நன்று. ஒத்தடத் துணியைப் பிழிய வேண்டியவர் நோயாளியல்லர் என்பதை மட்டும் வீட்டார் மறவாதிருத்தல் வேண்டும். நீரிழிவினால் கைகால் உணர்ச்சி குன்றியவர்களுக்கு வெந்நீரின் சூட்டை இன்னொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்தபின்பே கொடுக்கலாம். எண்ணெய் தடவுவது பற்றிப் பலர் கேட்பர். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி மெதுவாகத் தடவினால் சுகமாகவே இருக்கும். ஆனால் வீங்கிச் சிவந்த மூட்டைப் பிடித்து அழுத்தி உருவுவதும், நீட்டி முறுக்கிச் சொடக்கெடுப்பதும் எரியும் விறகை ஊதுவதற்கு ஒப்பாகும்.

ஓய்வு வேண்டும், எனினும் அதற்கும் அளவு உண்டு. முன்னைய காலத்தில் இந்நோயாளிகளை வாரக்கணக்கில் கட்டிலிற் கிடத்தி வைத்தனர். கிடந்தவர்களின் தசை மெலிந்து, மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே உறைந்தன. சீற்றம் கடுமையாகவுள்ள ஓரிரு நாள் உடலுக்கு நன்றாக ஓய்வளித்து, அக்காலத்திலும் ஒவ்வொரு மூட்டையும் வலி பொறுக்கும் எல்லை வரை நாளைக்குச் சில தடவை மெதுவாக மடக்கி நீட்டுவதே இன்றைய முறை. வெந்நீரில் கைகளை அமிழ்த்திக்கொண்டு விரல்களை அசைப்பது எளிது. முழங்கால் நோவுக்கு அதன் கீழே தலையணையை மடித்து வைத்து உறங்குவோர் பலர். அந்த நேரத்துச் சுகம் உண்மையே. ஆனால் நாள்தோறும் அவ்வாறு கிடந்தால் முழங்கால் மீண்டும் நிமிர்வது கடினம். கால்களை நீட்டியே உறங்கப் பழகுதல் வேண்டும்.

அடுக்களையைச் சிறிது மாற்றி அமைத்தால் பெரும்பயன் விளையும். பாத்திரத்தை விரல் நுனிகளால் தூக்காமல் இரு உள்ளங்கைகளாலும் முன்கைகளாலும் அணைத்துத் தூக்கலாம். அகப்பைக் காம்பிலும் கத்திப் பிடியிலும் துணியைச் சுற்றித் தடிப்பாக்கினால் பற்றுவது இலகு. கனத்த அரிசி மூட்டையை அலுமாரியின் அடியிலும் உப்பும் புளியும் உச்சியிலும் வைக்கும் வழக்கத்தை விட்டு, நாளாந்தம் எடுப்பனவற்றை இடுப்பளவு உயரத்தில் வைத்தல் வேண்டும். இருந்தபடி காய்கறி நறுக்க உயரமான கதிரை ஒன்று போதும். தேங்காய் துருவுவதையும் புடவை பிழிவதையும் வீட்டிலுள்ள ஆண்கள் ஏற்றுக்கொள்ளலாம். அவற்றுக்குப் பெண்ணின் கைதான் வேண்டும் என்று எச்சாத்திரமும் விதிக்கவில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மின்தூக்கி பழுதடைந்த நாள்களில் நான்கு மாடி ஏறியிறங்க வேண்டியவர்களுக்கு, ஒரே தடவையில் எல்லாப் பொருளையும் வாங்கிவரத் திட்டமிட்டுக் கொடுப்பதும் ஓர் உதவியே.

உணவு பற்றிய நம்பிக்கைகள் எண்ணிறந்தன. கத்தரிக்காய் ஆகாது, உருளைக்கிழங்கு வாயு, பருப்பு வாயு, மீன் ஆகாது, முட்டை சூடு என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போனால், முடிவில் நோயாளியின் கோப்பையில் கஞ்சி மட்டுமே மிஞ்சும். ஒருவருக்கு ஏதேனும் ஓர் உணவு ஒவ்வாதிருக்கலாம். அதை அவர் சில வாரம் விலக்கிப் பார்ப்பதில் குற்றமில்லை. எல்லோருக்கும் இந்நோயை வளர்க்கும் உணவு இன்னதென நிறுவப்படவில்லை. மீனெண்ணெய் அழற்சியைச் சிறிது தணிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆகவே விலை குறைந்த சூடையும் சாளையும் இவர்களுக்கு நல்லுணவே. முள்ளோடு உண்ணக்கூடிய நெத்தலி, என்பு மெலியும் மருந்துகளை உண்போர்க்குச் சுண்ணச்சத்தையும் தரும். புகைபிடித்தல் மட்டும் ஐயத்துக்கிடமின்றித் தீயது. அது நோயை வருவிக்கவும் வந்த நோயை முற்றச் செய்யவும் வல்லது.

மருந்துகளின் வரலாறு தனிச் சுவையுடையது. அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையைச் சேர்ந்த பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியர், செங்கண்மாரி வந்த முடக்குவாத நோயாளிகளின் மூட்டுநோவு தணிவதையும், கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே நிகழ்வதையும் கண்டார். உடலே ஏதோவொரு மருந்தைச் சுரக்கின்றதென அவர் ஊகித்தார். பல ஆண்டுகள் கழித்து, 1948 செப்டெம்பர் மாதத்தில், அட்ரினல் சுரப்பியிலுள்ள பொருளொன்றை, நோயால் முடங்கியிருந்த இளம்பெண் ஒருவருக்கு அவரும் அவருடைய தோழர்களும் ஊசி மூலம் ஏற்றினர். சில நாள்களில் அப்பெண் எழுந்து நடந்தார். கோர்ட்டிசோன் என்ற அம்மருந்துக்காக, 1950ஆம் ஆண்டில் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் என்னும் இரசாயன அறிஞர் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முடவரை நடக்கவைத்த அம்மருந்தின் மறுபக்கம் விரைவில் வெளிப்பட்டது. முகம் உப்புதல், என்பு மெலிதல், இரத்தத்தில் சீனி ஏறுதல், தொற்றுநோய்க்கு எளிதில் இடங்கொடுத்தல் என்பன தொடர்ந்து வந்தன.

அம்மருந்தின் இனத்தைச் சேர்ந்த பிரெட்னிசோலோன் இன்று பல வீடுகளின் அலுமாரியில் இருக்கின்றது. நோய் சீறும்போது வைத்தியர் சில நாளுக்கு அதைக் கொடுப்பார். அது செய்யும் நன்மையைக் கண்டவர்கள், அடுத்த சீற்றத்துக்கு வைத்தியரைத் தேடாமல் பழைய துண்டைக் காட்டியோ காட்டாமலோ தாமே வாங்கி உண்கின்றனர். இதைவிடக் கொடியது, பல வாரங்களாக உண்டுவந்த குளிசையைச் சுகம் கண்டதும் திடீரென நிறுத்துவது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்தமையால் உடலின் சொந்தச் சுரப்பி உறங்கிவிட்டிருக்கும். திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தக் குறைவு ஆகியன தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். படிப்படியாகக் குறைப்பதே முறை. அப்படிகளை வகுப்பவர் வைத்தியர். பெயரோ பொருள் விபரமோ இல்லாத வாதப் பொடிகளையும் உருண்டைகளையும் பற்றியும் ஒரு சொல். சித்த, ஆயுள்வேத முறைகளை முறையாகக் கற்ற வைத்தியர்கள் நம்மிடையே உளர். அவர்களைப் பற்றியதன்று இது. உண்ட மறுநாளே வலி பறந்துபோகும் பெயரற்ற பொடிகள் சிலவற்றில் இதே இன மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்தமை பல நாடுகளில் பரிசோதனையாற் கண்டறியப்பட்டுள்ளது. உண்பவர் தாம் உண்பது இன்னதென அறியார், அளவும் அறியார்.

இன்னொரு மருந்து தென்னிந்தியரொருவரின் பெயரோடு இணைந்தது. 1895ஆம் ஆண்டில் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவரே அவர். மாணவராயிருந்தபோது கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரொருவரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டமொன்றையே பெற்றார் என்பர். அமெரிக்கா சென்ற அவருடைய வழிகாட்டலில், லெடர்லி ஆய்வுகூடத்தில், 1940களில் போலிக் அமிலமும் அதற்கு எதிரான மருந்துகளும் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான மெதோட்ரெக்சேட், முதலில் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டு, பின்னர் சிறிய அளவில் முடக்குவாதத்துக்கு உரிய முதன்மை மருந்தாயிற்று. அமெரிக்க அரசு இந்நோய்க்கு அதை ஏற்றது 1988இல். சுப்பாராவ் அதைக் காணவில்லை. அவர் 1948இலேயே மறைந்துவிட்டார்.

மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் உண்ணவேண்டிய மருந்து. இதை எத்தனை முறை கூறினாலும் தகும். நாள்தோறும் குளிசை உண்டு பழகிய கை, இதையும் நாள்தோறும் எடுத்துவிடும். அப்படி உண்டு வாய் புண்ணாகி, இரத்த அணுக்கள் குன்றி, இறந்தவர்கள் பல நாடுகளில் உளர். கிழமை ஒன்றைத் தேர்ந்து, சுவரிலுள்ள நாட்காட்டியில் அந்நாளை வட்டமிட்டு, உண்டபின் கோடிட்டு வைத்தல் வேண்டும். குளிசை 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என இரு அளவுகளில் வருவதால், புதிய பொதி வாங்குந்தோறும் எழுத்தைப் படித்துப் பார்த்தல் வேண்டும். கொழும்பில் இதற்கு ஒரு தனி இடர்ப்பாடும் உண்டு. மருந்து உறையில் எழுதியிருப்பது ஆங்கிலமாகவோ சிங்களமாகவோ இருக்கும்; தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் அதை வாசிக்க இயலாது. பாடசாலை செல்லும் பேரப்பிள்ளை அதைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி உறையில் ஒட்டிவிடலாம். இம்மருந்தை உண்ணும் பெண்கள் கருவுறலாகாது. பிள்ளைப்பேற்றை விரும்பினால் பல மாதங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும். வைத்தியர் சொன்ன இடைவெளியில் இரத்தப் பரிசோதனையும் தவறலாகாது.

மூன்றாவது மருந்து இலங்கை மலைநாட்டை நினைவூட்டுவது. நுவரெலியாவை அடுத்த ஹக்கலைப் பூங்கா 1861ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது மலர்களுக்காகவன்று. மலேரியாவைத் தீர்க்கும் குயினைன் தரும் சிங்கோனா மரத்துக்காக. குயினைனுக்குப் பதிலாக ஆய்வுகூடங்களில் ஆக்கிய மருந்துகளை இரண்டாம் உலகப்போரில் படைவீரர் உண்டபோது, மலேரியாவோடு சிலருடைய தோற்படையும் மூட்டுநோவும் தணிந்தன. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் இன்று முடக்குவாதத்துக்கும் லூபஸ் என்னும் மற்றொரு தன்னெதிர்ப்பு நோய்க்கும் வழங்கப்படுகின்றது. நெடுங்காலம் உண்போர் கண்களைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். இம்மருந்தும் மெதோட்ரெக்சேட்டும் உண்ட மறுநாளே பயன் தருவனவல்ல. ஆறு வாரமோ மூன்று மாதமோ செல்லும். வலியைத் தணிக்கும் குளிசை வேறு, நோயைக் கட்டுப்படுத்தும் குளிசை வேறு என்பதை அறியாமையால், "ஒரு மாதம் உண்டும் சுகமில்லை" என்று பயனுள்ளதை விட்டு, வலிக்குளிசையை மட்டும் தொடர்ந்து உண்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டோர் பலர்.

காய்ச்சலைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். நோய் சீறும்போது உடம்பு சிறிது காயலாம். ஆனால் கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு முதலில் நினைவுக்கு வரவேண்டும். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். வாதநோவுக்கென வீட்டிலிருக்கும் டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்ற குளிசைகள் டெங்கு நோயாளிக்கு இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். ஆகவே காய்ச்சல் கண்டவுடன் அவற்றை நிறுத்தி, பரசிட்டமோலை மட்டும் அளவோடு உண்டு, வைத்தியரிடம் செல்லல் வேண்டும். வளர்ந்தவர்க்கு 500 மில்லிகிராம் குளிசை நாளொன்றுக்கு எட்டுக்கு மேற்படலாகாது. உடல் மெலிந்தவர்க்கும் ஈரல் நோயுள்ளவர்க்கும் அதனினும் குறைவு. 2006இலும் மீண்டும் 2024, 2025ஆம் ஆண்டுகளிலும் இலங்கையிற் பரவிய சிக்குன்குனியாவும் மூட்டுகளை மாதக்கணக்கில் வருத்துவது. அதைப் பழைய வாதமென்றோ, பழைய வாதத்தை அதுவென்றோ வீட்டிலிருந்தபடி தீர்மானிக்க இயலாது.

வீட்டுப் பராமரிப்புக்கு எல்லை உண்டு. மற்ற மூட்டுகள் அமைதியாயிருக்க, ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து, நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தால், அம்மூட்டினுள் கிருமி புகுந்திருக்கலாம். சில நாள்களுக்குள் மூட்டே அழிந்துவிடும். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மெதோட்ரெக்சேட் உண்பவர்க்கு வரட்டு இருமலும் மூச்சுத்திணறலும், தொண்டைநோவோடு காய்ச்சலும், வாய்ப்புண்ணும் தோன்றினாலும் அவ்வாறே. கழுத்து நோவோடு கைகால் விறைத்தல், கண் சிவந்து கடுமையாக நோதல், மலம் தார்போல் கறுத்துப் போதல் ஆகிய எதையும் "வாதந்தானே" என்று பொறுத்திருத்தல் ஆகாது.

மூட்டுநோய்க்கெனத் தனியாக அமைந்த அரசாங்க வைத்தியசாலை களனிக்கு வடக்கே றாகமையில் இருக்கின்றது. வெள்ளவத்தையிலிருந்து புகையிரதத்தில் கோட்டை சென்று, அங்கே மாறிப் போகலாம். கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும் இந்நோய்க்கு நிபுணர்கள் உளர். கட்டணம் இல்லை, காலையில் நெடுநேரம் காத்திருக்க நேரும் என்பதே குறை. அதுவும் மூட்டுகள் இறுகியிருக்கும் காலைப்பொழுதில்! நோயாளிக்குத் துணையாகச் செல்பவர் வரிசையில் நிற்க, நோயாளி அமர்ந்திருந்தால் அத்துன்பம் பாதியாகக் குறையும்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, குளிசைகளைப் பாதியாக உடைத்து உண்டவர்களும் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டவர்களும் இந்நகரில் இருந்தனர். தட்டுப்பாட்டை நோயாளி தவிர்க்க முடியாது. ஆனால் குறைத்து உண்ணும் முன் வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்டால் மாற்று மருந்தேனும் மாற்று அளவேனும் கிடைத்திருக்கும். கையிருப்பு முடிய இரு வாரம் இருக்கும்போதே அடுத்த பொதியைத் தேடத் தொடங்குவது அக்காலம் கற்பித்த பழக்கம். களனி கங்கை பெருக்கெடுத்த 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியிலும் தாழ்நிலத்துக் குடும்பங்கள் உடுத்த உடையோடு வெளியேறின. அவ்விதப் பகுதிகளில் வாழ்வோர் ஒரு வார மருந்தையும் கிளினிக் கொப்பியையும் நீர் புகாத பையொன்றிலிட்டுக் கதவருகே தொங்கவிட்டிருத்தல் நன்று.

இந்நோயுடன் பெரும்பணி புரிந்தோர் உளர். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் தம் வாழ்வின் இறுதி இருபத்தைந்து ஆண்டுகளை இதனோடு கழித்தார். தூரிகையை அவருடைய கையிற் கட்டிவைத்தனர் என்ற கதை எங்கும் வழங்குகின்றது, அது சரியன்று. மடங்கிய விரல்கள் உள்ளங்கையின் மெல்லிய தோலைப் புண்படுத்தாதிருக்கவே துணி சுற்றப்பட்டது. தூரிகையை இன்னொருவர் அவர் விரல்களிடையே வைத்துக் கொடுத்தார். 1919இல் இறக்கும் வரை அவர் தீட்டிக்கொண்டிருந்தார். 1967இல் மனித இதயத்தை முதன்முதலாக மாற்றிப் பொருத்திய தென்னாபிரிக்க அறுவை வைத்தியர் கிறிஸ்தியான் பார்னாட் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இந்நோய்க்கு ஆளானவர். கைகள் இடந்தராமையால் 1983இல் கத்தியைக் கீழே வைத்தார். இவர்கள் காலத்தில் கிடையாத மருந்துகள் இன்று உள. ஆரம்பத்திலேயே தொடங்கினால் விரல் கோணாமற் காக்கவும் பலருக்கு முடிகின்றது.

சீற்றம் தணிந்தபின், தேங்கிய வேலையெல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முயல்வது அடுத்த சீற்றத்துக்கு அழைப்பாகும். முதல்நாள் கால்வாசி, இரண்டு மூன்று நாள் கழித்து அரைவாசி என வேலையை ஏற்றுதல் வேண்டும். எந்நாளில் தொடங்கியது, எந்த மூட்டுகள் வீங்கின, காலை இறுக்கம் எத்தனை மணிநேரம் நின்றது, அதற்கு முன் காய்ச்சலோ அலைச்சலோ இருந்ததா, எந்தக் குளிசை எத்தனை உண்டது என்பனவற்றைக் கொப்பியொன்றில் நாலைந்து வரியில் எழுதிவைத்தல் நன்று. விரல்கள் எழுத மறுக்கும் நாளில் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். கிளினிக்கில் வைத்தியரைக் காணும் நேரம் ஐந்து நிமிடமே. அந்நாளில் நோயும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அவர் அடுத்த மூன்று மாதத்துக்கு மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா, மாற்றுவதா என்று முடிவு செய்வதற்கு அந்த நாலைந்து வரியே போதுமானது.